மதுவும் மருத்துவ ஆராய்ச்சியும்

மதுவிலக்கைப் பற்றி இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மன்றத்துச் செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினேன். அப்பொருள் பற்றி நம்மவர் எழுதியவை ஏராளம். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று 93ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார். ஆறுமுக நாவலர் நான்காம் பாலபாடத்திலே கள்ளுண்ணலின் கேட்டை எடுத்துரைத்தார். அது பஞ்சமா பாதகங்களுள் ஒன்றென்பதைப் பாடசாலைப் பிள்ளையும் ஒப்புவிக்கும். இவ்வளவும் இருந்தும் தவறணை வாசலிற் கூட்டம் குறைந்தபாடில்லை. ஆகவே, அறம் உரைக்கும் பணியைப் பெரியோர்க்கே விட்டுவிட்டு, மதுவைப் பற்றி மருத்துவர்கள் எதைக் கண்டார்கள், எப்படிக் கண்டார்கள், எவ்விடத்தில் வழி தவறினார்கள் என்னும் வரலாற்றைச் சொல்லலாமென்று துணிந்தேன். சமய மன்றத்து மலரில் விஞ்ஞானம் எதற்கென்று சிலர் கேட்கக்கூடும். நம் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் துறவு பூணுமுன் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் என்பதை அவர்கட்கு நினைவூட்டினாற் போதும்.

இவ்வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணமுண்டு. பாண்டிருப்பிலிருந்து திருக்கோவில் வரை எவ்வூருக்குப் போனாலும் குடிப்பவர் வாயில் ஒரே வசனம்: "நல்லாச் சாப்பிட்டுப்போட்டுக் குடிச்சா ஒண்டும் செய்யா." இறைச்சியும் மீனும் முட்டையுமாகத் தின்று குடிப்பவனை மது அணுகாதாம், வெறுவயிற்றுக்காரனைத்தான் அது கொல்லுமாம். இதை வெறுந் தவறணைப் பேச்சென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, இதே கருத்தை ஒரு காலத்தில் உலகப் புகழ்பெற்ற மருத்துவ அறிஞர்களும் கொண்டிருந்தனர் என்பது. அதனைத் தகர்க்க ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது.

மதுவை ஒரு நோய்க்காரணமாக மருத்துவர் முறையாக ஆராயத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான். அமெரிக்காவில் பெஞ்சமின் ரஷ் என்பவர் 1784இல் வடித்த மதுவகைகளின் தீமையைப் பற்றி எழுதினார். பிரித்தானியக் கடற்படை வைத்தியரான தோமஸ் ட்ரொட்டர் 1804இல் வெளியிட்ட நூலில், குடிவெறியை ஒழுக்கக் கேடென்று மாத்திரம் கொள்ளாது மனத்தின் நோயென்று கொண்டார். மதகுருமார்க்கு அது பிடிக்கவில்லை. குடித்துக் குடித்து இறந்தவர்களின் ஈரல் கல்லுப்போல் இறுகி முண்டும் முடிச்சுமாய்க் கிடப்பதைப் பிணப் பரிசோதனை செய்தோர் முன்னரே கண்டிருந்தனர். அந்நோய்க்கு இன்றும் வழங்கும் 'சிரோசிஸ்' என்னும் பெயரை 1819இல் இட்டவர், ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு வைத்தியர் லெனெக். 1849இல் சுவீடன் தேசத்து மக்னஸ் ஹூஸ், தம் வைத்தியசாலையில் வந்து கிடந்த குடிகாரரின் நடுக்கம், உணர்ச்சிக்கேடு, மனக்கலக்கம் எல்லாவற்றையும் தொகுத்து 'அல்ககோலிசம்' என்னும் சொல்லை உலகிற்குத் தந்தார். ஆறு ஆண்டுகளுள், 1855இல், சுவீடன் அரசு வீடுதோறும் சாராயம் வடிப்பதைத் தடைசெய்துவிட்டது.

இனி நம் தவறணை வசனத்துக்கு வருவோம். அது மருத்துவ நூலுக்குள் நுழைந்த வழி சோற்றின் வழியேயாம். 1890களில் யாவாத் தீவில் எய்க்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய வெள்ளையரிசி தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுவதையும், தவிடுள்ள அரிசி கொடுத்தால் அவை எழுந்து நடப்பதையும் கண்டார். தவிட்டில் இருந்த அப்பொருளே பின்னர் விற்றமின் பி1 எனப்பட்டது. எய்க்மன் 1929இல் நோபல் பரிசு பெற்றார். (நெல்லை அவித்துக் குற்றும்போது அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கி நின்றுவிடுகிறது. புழுங்கலரிசிச் சோறுண்ட நம் பாட்டன்மார் எய்க்மனைக் கேட்டுச் செய்யவில்லை.) இக்கண்டுபிடிப்புக்குப் பின் மருத்துவ உலகம் எந்நோயைக் கண்டாலும் அது உணவுக் குறையாயிருக்குமோ என்று தேடத் தொடங்கிற்று. குடிகாரன் பெரும்பாலும் மெலிந்தவன். உழைத்த காசு சாராயத்துக்குப் போவதால் அவனுக்குச் சோறில்லை. போதிய புரதமின்றி வாடும் ஆபிரிக்கக் குழந்தைகளின் ஈரலிலும் கொழுப்புப் படிவது தெரியவந்தது. அப்படியாயின் குடிகாரனின் ஈரலைக் கெடுப்பது மதுவன்று, பட்டினியே என்று முடிவுகட்டுவது எளிதாயிற்று. இன்சுலின் கண்டுபிடிப்பிற் பங்குகொண்ட பேரறிஞர் சாள்ஸ் பெஸ்ற் தம் சகாக்களுடன் எலிகளை வைத்து ஆராய்ந்து, ஈரலைப் பொறுத்தமட்டில் மது சீனியைவிடக் கொடியதன்று என்னும் கருத்தை 1949இல் வெளியிட்டார். அத்தகையவரே சொல்லிவிட்டால் மறுப்பவர் யார்?

மறுத்தவர் பெல்ஜியத்திற் பிறந்து அமெரிக்காவிற் பணிசெய்த சாள்ஸ் லீபர். அவருக்கு முதலில் எதிரியாய் நின்றது எலி. எலிக்கு மது பிடிக்காது. தண்ணீரிற் கலந்து வைத்தால் மிகச் சிறிதளவே குடிக்கும். அவ்வளவு சிறிய அளவில் ஈரல் கெடாததில் வியப்பில்லை. முன்னையோர் ஆராய்ச்சி சறுக்கிய இடம் இதுவே. லீபரும் அவருடன் பணியாற்றிய டிகார்லியும் எலியின் முழு உணவையும் திரவமாக்கி, அதற்குள்ளேயே மதுவைக் கலந்து, குடியாவிட்டால் பட்டினி என்னும் நிலைக்கு அதைக் கொண்டுவந்தனர். சத்தெல்லாம் நிறைந்த உணவு உண்டும் ஈரலிற் கொழுப்பு ஏறிற்று. 'எலிதானே' என்றார்கள் எதிர்வாதிகள். பின்பு தாமாக முன்வந்த மனிதர்க்கு வைத்தியசாலையில் வைத்துப் புரதமும் விற்றமினும் குறைவற்ற உணவோடு அளந்து மது கொடுத்து, ஊசியால் ஈரலின் சிறு துணுக்கை எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தனர். சில நாள்களிலேயே கொழுப்புத் துளிகள் காணப்பட்டன. ரூபின் என்பவருடன் லீபர் 1968இல் இதனை வெளியிட்டார். அதற்கும் 'கொழுப்புத்தானே, சிரோசிஸ் அல்லவே' என்று விடை வந்தது. கடைசியாக பபூன் என்னும் பெருங்குரங்குகளுக்கு ஆண்டுக்கணக்காக நல்லுணவும் மதுவும் கொடுத்து, அவற்றுட் சில முற்றிய சிரோசிஸ் அடைந்ததை 1974இற் காட்டினர். தவறணை வசனம் அன்றோடு மருத்துவ நூல்களிலிருந்து வெளியேறிற்று. நம் கடற்கரையிலிருந்து இன்னும் வெளியேறவில்லை.

ஆனால் உண்மையை முழுதாகச் சொல்லவேண்டும். அவ்வசனம் ஈரலைப் பற்றியமட்டிற் பொய். மூளையைப் பற்றியமட்டில் அதில் ஒரு பாதி மெய்யுண்டு. 1881இல் ஜேர்மனிய வைத்தியர் வேர்னிக்கே விவரித்ததும், 1887இல் ரஷ்ய வைத்தியர் கோர்சக்கோவ் விவரித்ததுமான மூளை நோய்கள் பி1 சத்தின் குறையால் வருபவை. கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, பின் நேற்று நடந்ததே நினைவில் நில்லாமற் போகும். மது அச்சத்தைக் குடலில் ஏறவிடாமல் தடுப்பதால் ஓரளவு உண்பவனும் தப்புவதில்லை. குடியினால் நலிந்து வந்தவர்க்குக் குளுக்கோஸ் ஏற்றும்போது பி1 ஊசியையும் மறவாது போடவேண்டுமென்று வைத்தியர்க்குப் படிப்பிப்பது இதனாலேயே. இன்னொன்றையும் மறைக்கலாகாது. பெருங்குடியரில் எல்லாருக்கும் சிரோசிஸ் வருவதில்லை. பத்தில் ஒருவர் இருவர்க்கே அது முற்றுகிறது. எண்பது வயதுவரை குடித்து வாழ்ந்த பெரியப்பாவைச் சாட்சிக்கு அழைக்கும் இளைஞன் பொய் சொல்லவில்லை. அந்த ஒருவர் இருவருள் தான் அடங்குவானா என்பதை முன்கூட்டி அறிவதற்குத்தான் அவனுக்கு வழியில்லை. ஈரலோ முக்காற் பங்கு கெடும்வரை வாய் திறவாத உறுப்பு.

அடுத்து நான் சொல்லப்போவது நம் மன்றத்தாருக்கு மிகவும் வேண்டியது. சற்று விரிவாகச் சொல்வதைப் பொறுத்துக்கொள்க.

என் இளமையில் எங்கள் பகுதியில் மாட்டுவண்டி வைத்துப் பிழைத்த ஒருவர் இருந்தார். விடியற்காலை தொடங்கி இரவுவரை சாராயம் இல்லாமல் அவருக்கு வண்டி ஓடாது. ஓராண்டு தீமிதிப்புக்கு நேர்த்தி வைத்து, காப்புக் கட்டிய அன்றே குடியை அடியோடு விட்டார். ஊரே மெச்சிற்று, இளைஞராகிய நாங்கள் அவரைத் தோளில் தூக்காத குறை. இரண்டாம் நாள் அவருக்கு ஒருமுறை வலிப்புக் கண்டது. மூன்றாம் இரவு உடம்பெல்லாம் நடுங்கி வியர்த்து, சுவரில் எறும்பு ஊர்கிறதென்றும் ஆரோ கூப்பிடுகிறார்களென்றும் கத்தினார். அம்மன் வந்துவிட்டாளென்று சிலரும், பேயென்று சிலரும் சொல்லி விபூதி போட்டுக் கட்டிலோடு கட்டிவைத்தோம். விடியுமுன் உயிர் பிரிந்தது. விரதத்தில் ஏதோ பிழை நேர்ந்ததென்றும் அம்மன் தண்டித்தாளென்றும் பேச்சுப் பரவ, வீட்டில் துடக்குக் காத்தது சரியில்லையென்று பழி அவர் மனைவிமேல் விழுந்தது. அப்பெண் அப்பழியைச் சாகும்வரை சுமந்தாள்.

அவரைக் கொன்றது என்னவென்பதை மருத்துவ உலகம் அப்போதே அறிந்திருந்தது. 1955இல் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்ரன் வைத்தியசாலையில் ஹரிஸ் இஸ்பெல் என்பவர் ஒரு சோதனையை வெளியிட்டார். அதுவரை குடிகாரருக்கு வரும் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் குடியின் விளைவா, குடியை நிறுத்தியதன் விளைவா, அன்றிச் சத்துக்குறையா என்று வைத்தியர்கள் வாதாடிக்கொண்டிருந்தனர். முன்பு மோர்பீன் பழக்கம் கொண்டிருந்த பத்துப் பேர் அச்சோதனைக்கு உடன்பட்டனர். நல்லுணவும் விற்றமினும் கொடுத்து, இரவும் பகலும் இடைவிடாது மதுவும் கொடுத்தார்கள். நால்வர் ஐந்து வாரத்துக்குள் விலகிக்கொண்டனர். அறுவர் 48 முதல் 87 நாள்வரை குடித்தனர். பின்பு திடீரென நிறுத்தப்பட்டது. அறுவரும் நடுங்கினர், அவர்களுட் சிலருக்கு வலிப்பும் சிலருக்குச் சித்தப்பிரமையும் கண்டன. குறைந்த காலம் குடித்தவர்க்கோ அவ்வளவு கடுமை இல்லை. இத்தகைய சோதனையை இன்று எந்த நாட்டிலும் அனுமதியார்; அனுமதிக்கவுங் கூடாது. ஆயினும் ஐயம் தீர்ந்தது. நெடுநாள் குடித்துப் பழகிய உடம்பில் மதுவைச் சட்டென்று நிறுத்தினால், ஆறு மணிக்கும் நாற்பத்தெட்டு மணிக்கும் இடையில் வலிப்பும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சித்தப்பிரமையும் வரலாம். 1969இல் அமெரிக்கப் படைவீரர் வைத்தியசாலைகளில் 537 நோயாளரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியில், குளோடயஸெப்பொக்சைட் என்னும் மருந்து கொடுத்தவர்க்கு இவ்விரண்டும் மிகக் குறைவாகவே கண்டன. அதுவும் அதன் இனத்தைச் சேர்ந்த டயஸிப்பாமும் இன்று சாதாரண மருந்துகள். சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பர்.

தீமிதிப்புக்கும் குளிர்த்திக்கும் கதிர்காம யாத்திரைக்கும் குடியை விடுவது நம் கரையோரத்து நல்வழக்கம். அதை நான் குறைசொல்லவில்லை. காலையிற் கை நடுங்கி, முதல் மிடறு இறங்கிய பின்பே நடுக்கம் நிற்கும் ஒருவர் காப்புக் கட்ட வந்தால், அவரைக் காப்புக்கு முன் ஆதார வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வது கோவிலுக்கு விரோதமான செயலன்று. காப்பு நூலை வைத்தியசாலைக் கட்டிலிலும் கட்டிக்கொண்டிருக்கலாம்.

சரி, ஈரலும் நரம்பும் கிடக்கட்டும், கொஞ்சம் குடித்தால் இருதயத்துக்கு நல்லதென்று ஆங்கிலப் பத்திரிகையில் வந்ததே என்று படித்த இளைஞர் கேட்பர். அது வந்ததும் உண்மை. அமெரிக்காவில் ரேமண்ட் பேர்ல் என்பவர் 1926இல் வெளியிட்ட நூலில், அளவாய்க் குடிப்பவர் அறவே குடியாதவரிலும் நீண்டநாள் வாழ்வதாகக் கணக்குக் காட்டினார். பின்னும் பலர் அவ்வாறே கண்டனர். 1988இல் லண்டனில் ஷேப்பர் என்னும் பேராசிரியரும் துணைவரும், 24 பிரித்தானிய நகரங்களைச் சேர்ந்த 7,735 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து, அக்கணக்கில் ஓர் ஓட்டையைக் காட்டினர். குடியாதவர் என்று எண்ணப்பட்டவருட் பலர் முன்பு குடித்து, நோய் வந்ததும் விட்டவர்கள். நோயாளரைக் குடியாதவர் பக்கம் நிறுத்திவைத்து ஒப்பிட்டால் குடிப்பவர் சுகதேகிகளாகத் தோன்றுவது இயல்புதானே?

இதைப் படித்தபோது எனக்கு நம் அயலூர்களே கண்முன் வந்தன. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நம் இஸ்லாமிய சகோதரர் வாழும் ஊர்களில் பெரும்பாலோர் மார்க்கக் கட்டளையால் பிறந்தது முதல் மதுவைத் தீண்டாதவர். நோய்க்குப் பயந்து இடையில் விட்டவரல்லர். இங்கிலாந்தில் அத்தகையோரைத் தேடிப் பிடிப்பது அருமை. இங்கேயோ ஒரு மதிலுக்கு அப்பால் இருக்கிறார்கள். குடியாதாரின் துணை ஆராய்ச்சிக்கு எவ்வளவு பயன்படும் என்பதைச் சீனா காட்டிற்று. அங்கே ஐந்து லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. கிழக்காசிய மக்களிற் பலர்க்குப் பிறவியிலேயே மதுவைச் செரிக்கும் ஆற்றல் குறைவு. குடித்தால் முகம் சிவந்து குமட்டும். ஆதலால் குறைவாகக் குடிப்பர். அப்பிறவிக் குறியைக் கொண்டு பிரித்துப் பார்த்தபோது, ஆண்களில் குடி ஏற ஏறப் பாரிசவாதமும் ஏறிற்று. கொஞ்சம் குடித்தவர்க்கும் காப்பு எதுவும் தென்படவில்லை. சீனப் பெண்கள் பெரும்பாலும் குடிப்பதில்லை. அதே பிறவிக் குறியுள்ள பெண்களிடம் அவ்வேற்றத் தாழ்வு காணப்படாமையால், ஆண்களிடம் கண்டது குடியின் விளைவே என்பது உறுதியாயிற்று.

இதற்கு ஓராண்டு முன், 2018 ஜூனில், அமெரிக்காவில் இன்னொன்று நடந்தது. நாளொன்றுக்கு ஒரு கிண்ணம் மது இருதயத்தைக் காக்குமா என்று 7,800 பேரைக் கொண்டு பார்க்கப் பத்துக் கோடி டொலர் செலவில் ஒரு பெருஞ்சோதனை திட்டமிடப்பட்டது. அப்பணத்தின் பெரும்பகுதி மதுக் கம்பனிகளிடமிருந்து வருவதும், அதைத் திரட்ட அரசாங்க உத்தியோகத்தரே முன்னின்றதும் வெளியாகவே, அரசின் சுகாதார நிறுவனம் அதனை நிறுத்திவிட்டது. பூனையிடம் மீன் நிறுக்கக் கொடுத்த கதை.

புற்றுநோயைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1988லேயே மதுவகைகளை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் முதல் வரிசையிற் சேர்த்தது. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல் என்பன முதலில் இடம்பெற்றன. பெருங்குடலும் பெண்களின் மார்பும் பின்னர் சேர்ந்தன. புகையிலையோடு வெற்றிலை போடுபவர் குடிக்கவும் செய்தால் வாய்க்குக் கேடு இரட்டிக்கும். 2019இல் மதுவினால் உலகில் இறந்தோர் 26 லட்சம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டுள்ளது. கேடற்ற அளவென்று ஒன்றில்லை என்று அது 2023 ஜனவரியில் அறிவித்தது.

நம் நாட்டிலும் தமிழகத்திலும் நடந்தவற்றை ஒப்புநோக்கினால் ஒன்று புலப்படும். இலங்கையில் 1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டத்தால் கள்ளுத் தவறணைகள் பெருகவே, எவ். ஆர். சேனநாயக்கா, டீ. எஸ். சேனநாயக்கா, டீ. பி. ஜயதிலகா முதலியோர் பெருங் கிளர்ச்சி நடத்தினர். 1915இல் அவர்கள் சிறைப்பட்டபோது சட்டசபையில் அவர்கட்காக வாதாடியவர் சேர் பொன். இராமநாதன். அக்கிளர்ச்சியின் பேச்சில் முதலிடம் பெற்றவை சமயமும் நாட்டுரிமையுமே. ராஜாஜி, கல்கியைத் துணையாகக் கொண்டு திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்னும் மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தினார். 1937 அக்டோபர் 1ஆந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைச் சட்டமாக்கினார். அதன் பலனை ஆராயச் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் பி. ஜே. தோமஸ் முன்வந்தார். அவர் பார்த்தது குடும்பத்தின் கணக்குப் புத்தகம், ஈரல் அன்று. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோர்க்கு மது விற்பதையும் மது விளம்பரத்தையும் தடுத்தது. இவை யாவும் வாசலை மூடும் முயற்சிகள். உள்ளே அகப்பட்டுக்கொண்டவனுக்கு வைத்தியம் யார் செய்வது?

சென்னையில் அதைத் தொடங்கியவர் ஒரு விதவை. இந்திய நிதி மந்திரியாயிருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்து மருமகளான சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தபின், 1980இல் அவர் பெயரால் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். செல்வமும் செல்வாக்கும் உள்ள வீட்டிலும் அந்நோய்க்கு அக்காலத்தில் போக்கிடம் இல்லாதிருந்தது என்பதை நினைக்க வேண்டும். குடிப்பவரை மாத்திரமன்றி மனைவியையும் பெற்றோரையும் சேர்த்து அழைத்து வைத்தியம் செய்வது அங்கே முறையாயிற்று. 1992இல் அவ்வம்மையார் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மருத்துவர் குறைந்த ஊருக்கு ஏற்ற சோதனையொன்று கோவாவில் நடந்து 2017இல் வெளிவந்தது. அபிஜித் நட்கர்னி, விக்ரம் பட்டேல் முதலியோர், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வேறு நோய்க்காக வந்த ஆண்களிடம் சில கேள்விகள் கேட்டு, குடி கேடுசெய்யும் நிலையில் இருந்த 377 பேரைத் தெரிந்தெடுத்தனர். குடிக்கு முற்றாய் அடிமைப்பட்டவரைச் சேர்க்கவில்லை. அவர்கட்குப் பேச்சு மட்டும் போதாது. பாதிப்பேருக்கு வழமையான கவனிப்பு. மறுபாதிக்கு அதனோடு அரைமணி முக்கால்மணி நேரப் பேச்சு, நான்கு தடவை வரை. பேசியவர்கள் வைத்தியரல்லர், மனநலத் தொழில் முன் பயின்றவருமல்லர். ஊர்மொழி தெரிந்த சாதாரண ஆண்களும் பெண்களும் சிறிது பயிற்சி பெற்றுச் செய்தனர். புத்தி சொல்வதில்லை, ஏசுவதில்லை. எப்போது குடிக்கிறாய், யாரோடு, மறுநாள் என்ன நடக்கிறது என்று கேட்டு, அவனே ஒரு திட்டம் போட உதவுவதுதான் வேலை. மூன்று மாதத்தில் கேடான குடியிலிருந்து நீங்கியவர் வழமைக் கவனிப்புப் பெற்றோரில் நூற்றுக்கு 26. பேச்சுப் பெற்றோரில் 36. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அவ்வேறுபாடு அழியாதிருந்தது.